மானும் கணக்குப் புத்தகமும்

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கேமை முடித்த இருவர் சந்தித்துக்கொண்டால் முதலில் வருவது ஒரே கேள்விதான். "உனக்கு மானா, ஓநாயா?"

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராக்ஸ்டார் நிறுவனம் 2018 அக்டோபரில் வெளியிட்ட கேம் இது. கதை நடப்பது 1899இல், கற்பனையான ஐந்து அமெரிக்க மாநிலங்களில். நாம் ஆர்தர் மோர்கன் என்ற கொள்ளைக்காரனாக விளையாடுகிறோம். கதையின் பிற்பகுதியில் அவனுக்குக் காசநோய் என்று தெரியவருகிறது. அதன் பிறகு அவன் மனக்கண்ணில் ஒரு விலங்கு தோன்றும். அதுவரை நல்லவனாக விளையாடியிருந்தால் கொம்புள்ள ஒரு மான் வரும். கெட்டவனாக விளையாடியிருந்தால் கொயோட்டி வரும். அது ஓநாய்க்குச் சொந்தமான சிறிய விலங்கு. எங்கள் கூட்டத்தில் யாரும் கொயோட்டி என்று சொல்வதில்லை, ஓநாய்தான்.

எனக்கு மான் வந்தது. 2020, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்த நேரம். நள்ளிரவு தாண்டி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பக்கத்து அறையில் தூங்கும் அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஒரு கேமுக்காக அழுதது அதுதான் முதல் முறை.

சில ஆண்டுகள் கழித்து இரண்டாம் முறை விளையாடினேன். அதே மான் வந்தது. இந்த முறை எரிச்சலாக இருந்தது. ஏன் எரிச்சல் வந்தது என்று யோசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

*

மானைப் புரிந்துகொள்வதில் யாருக்கும் சிரமம் இல்லை. காடு, தூய்மை, களங்கம் படாத பழைய உலகம். ஆர்தரின் உள்ளே எஞ்சியிருக்கும் நல்ல மனிதனின் குறியீடு அது என்று பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். தப்பில்லை. அமெரிக்க இலக்கியத்தில் இந்த வாசிப்புக்கு நீளமான வேர் இருக்கிறது.

ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1823 முதல் 1841 வரை எழுதிய ஐந்து நாவல்களில் வரும் நாட்டி பம்போதான் இந்த வகை மனிதனுக்கு மூத்தவன். ஐந்தில் கடைசியாக எழுதப்பட்ட நாவலின் பெயரே 'தி டியர்ஸ்லேயர்', மான்கொல்லி. நாட்டி பம்போ காட்டு மனிதன். ஊர் வளர வளர மேற்கே நகர்ந்துகொண்டே போவான். வேலி, பத்திரம், நீதிமன்றம் எதுவும் அவனுக்கு ஒத்துவராது. 1827இல் வந்த 'தி பிரெய்ரி' நாவலில், புல்வெளியில் உட்கார்ந்து, மறையும் சூரியனைப் பார்த்தபடி கிழவனாக இறந்துபோகிறான்.

ஆர்தர் அவனுடைய வாரிசு. காட்டில் தங்குகிறான், வேட்டையாடுகிறான், தன் நாட்குறிப்பில் பறவைகளையும் செடிகளையும் வரைந்து வைக்கிறான். நல்லவனாக விளையாடி, தோழன் ஜான் மார்ஸ்டனைத் தப்பிக்க வைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால், மலைமேல் உதிக்கும் சூரியனைப் பார்த்தபடி இறக்கிறான். அங்கே அஸ்தமனம், இங்கே உதயம்.

ஆனால் நாட்டி பம்போவுக்கு மேற்கே போக இடம் இருந்தது. ஆர்தருக்கு இல்லை. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, இனி எல்லைக்கோடு என்று ஒன்றை வரைய முடியாது, எங்கும் குடியேற்றம் வந்துவிட்டது என்று அமெரிக்க அரசு அறிவித்தது. 1893இல் வரலாற்றாசிரியர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் அதை வைத்தே தம் புகழ்பெற்ற கட்டுரையைச் சிகாகோவில் வாசித்தார். கேம் நடப்பது அதற்கு 6 ஆண்டுகள் கழித்து. ஆக, ஆர்தர் காலம் தவறிப் பிறந்த கடைசிக் காட்டு மனிதன், அந்த மான் அவனோடு அழியும் காடு. அழகான வாசிப்பு. நானும் முதல் முறை அப்படித்தான் வாசித்தேன்.

இரண்டாம் முறை விளையாடியபோதுதான் ஒரு சின்ன விஷயம் உறுத்தியது. ஆர்தருக்கு ஒரு வேலை இருக்கிறது. அது வேட்டையாடும் வேலை இல்லை. கடன் வசூல்.

*

கும்பலில் லியோபோல்ட் ஸ்ட்ராஸ் என்று ஓர் ஆஸ்திரியாக்காரர் இருக்கிறார். துப்பாக்கி தூக்குகிறவர் இல்லை, கணக்குப் பார்க்கிறவர். கையில் வழியில்லாதவர்களாகப் பார்த்து வட்டிக்குக் கொடுப்பார். திருப்பித் தராதவர்களிடம் ஆர்தரை அனுப்புவார். ஆர்தருக்கு இந்த வேலை பிடிக்காது, ஆனாலும் போவான்.

அப்படிப் போகும் வீடுகளில் ஒன்று தாமஸ் டவுன்ஸ் என்பவரின் பண்ணை. டவுன்ஸை நாம் ஏற்கெனவே வேலண்டைன் என்ற சந்தை ஊரில் பார்த்திருப்போம். மதுக்கடைச் சண்டை தெருவுக்கு வந்து, ஆர்தர் ஒருவனைச் சேற்றில் போட்டு அடித்துக்கொண்டிருக்கும்போது, போதும் விட்டுவிடு என்று கெஞ்சித் தடுப்பவர் இவர்தான். ஏழைகளுக்காக நன்கொடை திரட்டும் மனிதர். சொந்தப் பண்ணையோ கடனில். நெஞ்சிலே இருமல்.

ஆர்தர் அவரை வேலியோரமாகத் தள்ளி அடிக்கிறான். டவுன்ஸ் இருமுகிறார். அந்த ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. மனைவி ஈடித்தும் மகன் ஆர்ச்சியும் ஓடி வருகிறார்கள். அவ்வளவுதான், காட்சி முடிந்தது. பல மணி நேர விளையாட்டுக்குப் பிறகுதான் அந்த ரத்தத்தோடு என்ன வந்தது என்று நமக்குத் தெரியும்.

இந்த மிஷனைத் தவிர்க்க முடியாது. குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட முடியாது. கதை நகர வேண்டுமென்றால் நாம்தான் பட்டனை அழுத்தி அடிக்க வேண்டும். முதல் முறை விளையாடியபோது நான் இதை அரைத் தூக்கத்தில் செய்தேன் என்று நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது பத்தோடு பதினொன்றாக ஒரு வேலை.

*

நான் தொழிற்சாலையில் பொறியாளன். அளவீடுகளோடு பிழைப்பவன். எதை அளக்கிறோமோ அதுதான் கூடும், நாம் உண்மையில் விரும்பியது கூடாமலே போகலாம் என்று வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே தெரிந்துகொண்டேன். அதனால் இந்த மானை என்னால் வெறும் குறியீடாக மட்டும் பார்க்க முடியவில்லை. அது ஓர் எண்ணின் வெளியீடு.

கேமில் 'ஹானர்' என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. கொலை செய்தால் இறங்கும், உதவி செய்தால் ஏறும். தெருவில் போகிறவர்களுக்கு வணக்கம் சொன்னாலே கொஞ்சம் ஏறும். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டாலும் ஏறும். ரொம்பவும் ஏறிவிட்டால் கடைகளில் தள்ளுபடிகூடக் கிடைக்கும். முள் ஒரு பக்கம் நின்றால் மான், மறுபக்கம் நின்றால் ஓநாய். ஒரு நிபந்தனை வரி, அவ்வளவுதான்.

இரண்டாம் முறை விளையாடும்போது இதை வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தேன். பாதிக் கதை வரைக்கும் அடாவடி செய்தேன். பிறகு ஓர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மீன் பிடித்துப் பிடித்து விட்டேன். ஊருக்குள் போய் வருவோர் போவோருக்கெல்லாம் வணக்கம் வைத்தேன். முள் மெதுவாக நகர்ந்தது. மான் வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த எரிச்சல். ஆற்றில் விட்ட மீனுக்கும் டவுன்ஸ் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? யார் கணக்கில் எதை வரவு வைக்கிறோம்?

என் எரிச்சலில் கேமுக்கு வெளியே ஒரு பங்கும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் நேர்மையாக இருக்காது. அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார், எனக்குத் தாய்மாமன். எஸ்டேட் விற்கப்பட்டு எல்லாரும் டவுனுக்கு வந்தபோது அவருக்குச் சரியான வேலை அமையவில்லை. கொஞ்ச காலம் ஒரு வட்டி முதலைக்காக வசூலுக்குப் போனார். வீட்டு கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றுவது, பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பது, அந்த வேலைதான். எங்களுக்கு அவர் அப்படியா தெரிந்தார்? ராத்திரி வரும்போது சுடச்சுட நாசி லெமாக் வாங்கி வருவார். கூண்டில் ஒரு மெர்போக் பறவை வளர்த்தார். அதனிடம் பேசும்போது அவர் குரலே மாறிப்போகும். "மாமா மாதிரி தங்கமான ஆளு உண்டா?" என்று என் தங்கையும் நானும் சொல்லிக்கொள்வோம்.

அவர் சாவுக்கு வந்தவர்களைவிட, பக்கத்துத் தெருவிலேயே இருந்தும் வராத ஒரு குடும்பம்தான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது.

ஆர்தரை விளையாடும்போது நாம் எப்போதும் பறவையிடம் பேசும் மாமாவைத்தான் பார்க்கிறோம். கேமரா அவன் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. கேட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் பக்கம் அது போவதே இல்லை.

*

மானையும் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்து வைத்து யோசித்த எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார். வில்லியம் ஃபாக்னர். 1942இல் வந்த அவருடைய 'கோ டவுன், மோசஸ்' புத்தகத்தைப் படித்த பிறகுதான் என் எரிச்சலுக்கு ஓர் உருவம் கிடைத்தது. ராக்ஸ்டார் எழுத்தாளர்கள் அதை மனதில் வைத்திருந்தார்களா என்பது என் கேள்வி இல்லை. ஒரே மண்ணின் கதையைச் சொல்லும் இரண்டு படைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்தில் 'தி ஓல்ட் பீப்பிள்' என்று ஒரு கதை. ஐசக் மெக்காஸ்லின் என்ற சிறுவன் தன் வாழ்க்கையின் முதல் மானைச் சுடுகிறான். அவனுக்கு வேட்டை கற்றுத்தரும் சாம் ஃபாதர்ஸ், மானின் சூடான ரத்தத்தில் கையை நனைத்துச் சிறுவனின் முகத்தில் பூசுகிறார். சாம் ஒரு சிக்கசா பூர்வகுடித் தலைவனுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். அந்த ரத்தம் ஒரு தீட்சை. இனி நீ காட்டுக்கு உரியவன், கொன்ற உயிருக்குத் தகுதியாக நடந்துகொள் என்று அர்த்தம்.

அடுத்து வரும் 'தி பேர்' கதையின் நடுவில், அதே ஐசக்குக்கு 21 வயது. குடும்ப நிலம் அவன் கைக்கு வர வேண்டும். தோட்டக் கடையில் இருக்கும் பழைய கணக்குப் புத்தகங்களை அவன் 16 வயதிலேயே புரட்டியிருக்கிறான். மாவு இவ்வளவு, துணி இவ்வளவு என்ற வரிகளுக்கு நடுவே அடிமைகளின் பெயர்கள், பிறப்பு, இறப்பு. அந்தச் சுருக்கமான குறிப்புகளிலிருந்து அவன் ஒன்றைக் கண்டுபிடிக்கிறான். அவனுடைய தாத்தா ஓர் அடிமைப் பெண்ணிடம் ஒரு மகளைப் பெற்று, பிறகு அந்த மகளிடமே ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கிறார். அந்தத் தாய் தண்ணீரில் விழுந்து செத்திருக்கிறாள். காடு ஐசக்குக்கு மான் ரத்தத்தைப் பூசி என்ன கற்றுக்கொடுத்ததோ, அதைக் கணக்குப் புத்தகம் பொய்யாக்குகிறது. நிலம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறான்.

இப்போது டவுன்ஸ் பண்ணை வேலிக்குத் திரும்பி வாருங்கள். ஆர்தரின் முகத்திலும் ரத்தம் தெறிக்கிறது. அவனுக்கும் அது ஒரு தீட்சைதான். ஆனால் இது மானின் ரத்தம் இல்லை, கடன்பட்ட விவசாயியின் ரத்தம். இவனைத் தீட்சைக்கு அனுப்பி வைத்தது காடு இல்லை, ஸ்ட்ராஸின் கணக்குப் புத்தகம். ஃபாக்னரில் தனித்தனியாக வரும் இரண்டும் இந்தக் கேமில் ஒரே நொடியில், ஒரே முகத்தில் சேர்ந்து விழுகின்றன. என்னைக் கேட்டால் கேமின் மிகச் சிறந்த குறியீடு இதுதான், மான் இல்லை. ஆனால் மானுக்கு இசை இருக்கிறது, ஒளி இருக்கிறது. இதற்கு ஓர் இருமல் சத்தம் மட்டும். அதனால்தான் நாம் இதைக் குறியீடாகவே எடுத்துக்கொள்வதில்லை.

*

கிராமம் என்றாலே பசுமை, அமைதி, மருந்து என்று நினைப்பது இலக்கியத்தின் பழைய வியாதி. காசநோய் விஷயத்தில் அது மருத்துவமாகவே இருந்தது. ராபர்ட் காக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்துவிட்டார். ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வர 1940கள் ஆனது. இடைப்பட்ட காலத்தில் மருத்துவர்கள் சொன்னதெல்லாம் ஓய்வெடு, நல்ல காற்று உள்ள இடமாகப் பார்த்துப் போ என்பதுதான். எட்வர்ட் ட்ரூடோ என்ற மருத்துவர் 1880களில் நியூயார்க் மாநிலத்து மலைக்காட்டில் காசநோயாளிகளுக்கென்றே இல்லம் கட்டினார். துப்பாக்கிச் சண்டைக்குப் பெயர்போன டாக் ஹாலிடே என்ற பல் மருத்துவர் மேற்கே போனதற்கு ஒரு காரணம் காசநோய். வறண்ட காற்று நல்லது என்று நம்பிப் போனவர் 1887இல் கொலராடோவில் இறந்தார்.

கேமில் ஆர்தரைப் பார்க்கும் நகரத்து மருத்துவரும் அதையேதான் சொல்கிறார். சூடான, வறண்ட இடமாகப் பார்த்துப் போய் ஓய்வெடு. இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். ஆர்தருக்கு நோய் வந்தது நகரத்துப் புகையில் இல்லை. திறந்தவெளியில், நல்ல காற்றில், ஒரு பண்ணை வேலியோரத்தில். எந்தக் கிராமம் நோயாளியைக் குணப்படுத்தும் என்று இலக்கியமும் மருத்துவமும் சொன்னதோ, அந்தக் கிராமம்தான் இவனுக்கு நோயைக் கொடுக்கிறது. ஏனென்றால் இவன் அங்கே காற்று வாங்கப் போகவில்லை, வட்டி வாங்கப் போனான்.

அந்தக் காலத்து அமெரிக்க விவசாயியின் உண்மையான நிலையை எழுதியவர்களில் ஹாம்லின் கார்லண்ட் முக்கியமானவர். 1891இல் வெளிவந்த அவருடைய 'மெயின்-டிராவல்ட் ரோட்ஸ்' தொகுப்பில் ஹாஸ்கின்ஸ் என்ற ஒரு விவசாயி வருகிறான். வெட்டுக்கிளியால் நிலம் அழிந்து, பட்லர் என்பவனின் பாழடைந்த பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து, குடும்பமே முதுகொடிய உழைத்து அதைச் சீராக்குகிறான். வாங்கிக்கொள்கிறேன் என்று போய் நிற்கும்போது பட்லர் விலையை இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்றிவிடுகிறான். நீ உழைத்ததால்தானே நிலத்தின் மதிப்பு கூடியது என்பது அவன் நியாயம். ஹாஸ்கின்ஸ் வைக்கோல் வாரும் கவைக்கம்பை ஓங்கிவிடுகிறான். தன் சின்ன மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டு அடிக்காமல் விடுகிறான்.

கார்லண்டின் உலகத்தில் ஆர்தர் யார் பக்கம் நிற்பான்? குதிரை, தொப்பி, சுதந்திரம் எல்லாம் இருக்கட்டும். அவன் பட்லரின் ஆள். மான்கொல்லி நாட்டி பம்போவின் பரம்பரை என்று நாம் நினைத்தவன், கணக்குப்படி பார்த்தால் வட்டிக்காரனின் கையாள். ஆர்தரின் சோகமே இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தான் காட்டு மனிதன் என்று நம்பிக்கொண்டே, காட்டை அழிக்கும் அதே பணத்துக்கு வேலை பார்த்தவன் அவன்.

*

நம் வாசகர்கள் இன்னோர் இடத்தையும் கவனிக்க வேண்டும். கும்பலின் தலைவன் டச்சுக்கு ஒரு கனவு உண்டு. டஹிட்டித் தீவுக்குப் போய் மாம்பழம் பயிரிட்டுச் சுகமாக வாழ்வது. எல்லாக் கொள்ளைக்கும் அவன் சொல்லும் காரணம் இதுதான். ஐந்தாம் அத்தியாயத்தில் கப்பல் கவிழ்ந்து நிஜமாகவே ஒரு வெப்பமண்டலத் தீவில் கரையொதுங்குகிறார்கள். நீலக்கடல், தென்னை, எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தக் குவார்மா தீவு ஒரு கரும்புத் தோட்டம். ஆயுதக்காரர்களின் காவலில் கூலிகள் கிட்டத்தட்ட அடிமைகளாக வேலை செய்கிறார்கள்.

பலர் இந்த அத்தியாயத்தைத் தேவையில்லாத சுற்று என்பார்கள். எஸ்டேட் கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்குச் சொர்க்கமாகத் தெரியும் பச்சை நிறத்துக்கு உள்ளே யாரோ ஒருவர் நிரைபிடித்து வேலை செய்துகொண்டிருக்கிறார் என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. பாட்டியின் அலமாரியில் கடைக் கடன் எழுதிய 555 புத்தகம் ஒன்று ரொம்ப நாள் கிடந்தது. ரப்பர் மரங்களை வரிசையாகக் காட்டும் அழகான பழைய புகைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சின்னப் புத்தகம்தான் ஞாபகம் வரும்.

கதையின் முடிவிலும் கணக்குப் புத்தகம் விடுவதாக இல்லை. ஆர்தர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ஜான், 1907இல் பீச்சர்ஸ் ஹோப் என்ற நிலத்தை வாங்கி வீடு கட்டுகிறான். ஆணி அடிக்கும் காட்சியில் பாட்டு ஒலிக்கும், பார்க்கவே மனசு நிறைந்துவிடும். அந்த நிலம் வாங்கியது வங்கிக் கடனில். கடனை அடைப்பதோ பழைய கொள்ளைப் பணத்தில். 2010இல் வெளிவந்த முந்தைய கேமின் முடிவு நமக்குத் தெரியும். 1911இல் அரசாங்கத்து ஆட்கள் அதே பண்ணைக்கு வந்து ஜானைச் சுட்டுக் கொல்கிறார்கள்.

*

அப்படியானால் இந்தக் கேம் ஆர்தரைச் சுலபமாக மன்னித்துவிடுகிறதா? மான் மன்னித்துவிடுகிறது. கதை அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கவில்லை. அதை எழுதியவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை இது.

டவுன்ஸ் இறந்த பிறகும் ஆர்தர் அந்த வீட்டுக்கு வசூலுக்குப் போகிறான். ஈடித் பணத்தைக் கொடுத்துவிட்டு மகனோடு ஊரைவிட்டுப் போகிறாள். கடைசி அத்தியாயத்தில் அன்னஸ்பர்க் என்ற சுரங்க ஊரில் அவர்களைத் திரும்பவும் பார்க்கிறோம். அவள் உடலை விற்றுப் பிழைக்கிறாள், ஆர்ச்சி சுரங்கத்தில் வேலை செய்கிறான். இருமலோடு திரியும் ஆர்தர் அவர்களுக்கு உதவப் போகிறான். அந்த மிஷனுக்கு வைத்திருக்கும் தலைப்பின் பொருள்: பாவமன்னிப்பைத் தேடாதே. ஈடித் அவனைக் கட்டிப்பிடித்து அழுவதில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு போகிறாள், மன்னிப்பு என்று எதையும் கையில் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

ஃபாக்னரிடமும் இப்படி ஒரு காட்சி உண்டு. அதே புத்தகத்தில் 'டெல்டா ஆட்டம்' என்ற கதையில் ஐசக் கிழவனாகிவிட்டான். வேட்டை முகாமில் படுத்திருக்கிறான். அவன் குடும்பத்து இளைஞன் ஒருவனால் ஏமாற்றப்பட்ட பெண் கைக்குழந்தையோடு வருகிறாள். அந்தக் கணக்குப் புத்தகத்தில் இருந்த அடிமைக் குடும்பத்தின் வழி வந்தவள். நிலத்தைத் துறந்த அந்த நல்ல மனிதனால் அவளுக்குச் செய்ய முடிந்தது என்ன? அந்த இளைஞன் விட்டுச்சென்ற பணத்தை நீட்டி, இங்கிருந்து போய்விடு என்கிறான். அவள் அவனைப் பார்த்து அன்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறாள். கதையின் கடைசியில் முகாமில் ஒரு மான் கொல்லப்பட்ட செய்தி வருகிறது. அது பெண்மான்.

ஃபாக்னர் மானை நல்லவனுக்கான பரிசாகக் கொடுக்கவில்லை. அவன் தவறவிட்ட ஒரு பெண்ணின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார். ராக்ஸ்டாரின் மானோ ஆர்தரைப் பார்க்கத்தான் வருகிறது. ஈடித்தின் கனவில் அது வராது. ஆர்ச்சி சுரங்கத்திலிருந்து கரியோடு வெளியே வரும்போது ஒரு நொடி அந்த மான் தூரத்தில் நின்றிருந்தால் கேம் வேறொரு உயரத்துக்குப் போயிருக்கும். அதைச் செய்ய அளவுகோல் விடாது. அளவுகோல் விளையாடுகிறவனை மட்டும்தான் அளக்கும். இதுதான் இந்தக் கேமின் மீது என் விமர்சனம். அதன் கதை கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறது, அதன் இயந்திரம் மூடி வைத்துவிட்டு மானைக் காட்டுகிறது.

இதைச் சொல்வதால் கேம் எனக்குப் பிடிக்காமல் போய்விடவில்லை. கடைசிப் பயணத்தில் குதிரை சுடப்பட்டு விழும்போது, துரத்தி வருகிறவர்களையும் மறந்து, ஆர்தர் மண்டியிட்டு அதைத் தடவிக்கொடுத்து நன்றி சொல்லும் இடத்தில் இரண்டாம் முறையும் கண் கலங்கத்தான் செய்தது. மெர்போக் பறவையிடம் பேசிய மாமாவும் பொய் இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கேமின் கதையை அவருக்கு முழுசாகச் சொன்னேன். கொள்ளை, ரயில், நோய், தீவு, மான், மலை, சூரியன் எல்லாம். மாமாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. மான் வந்த இடத்தில் கொஞ்சம் இழுத்து, உணர்ச்சியோடுதான் சொன்னேன். அம்மா தலையைத் தூக்கவில்லை.

கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தக் கடன்காரன் மவன் ஒருத்தன் இருந்தான்ல, சின்னப் பையன். அவன் என்னா ஆனான்?"

சுரங்கத்துக்கு வேலைக்குப் போனான் என்றேன்.

"அதைச் சொல்லாம மானு மானுன்னுகிட்டு இருக்க," என்றார்.